உதடு வேண்டாத மொழி

சாயாவில் சர்க்கரை தாராளமாகப் போடச் சொல்லுங்கள், சார். எனக்கு ஷுகர் கிடையாது. ஓய்வுபெற்ற பேராசிரியர்களில் அது இல்லாதவன் இந்தப் பாறசாலை வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

தொடங்கும் முன் ஒரு சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தமிழில் பேசுகிறேன். உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் அதை மலையாளத்தில் எழுதுகிறார். கோர்ட்டுக்குப் போகும்போது இங்கிலீஷ் ஆகிவிடும். இப்படி மூன்று கை மாறிப் போய்ச் சேரும்போது, அதில் நான் செய்தது எவ்வளவு, இவர்கள் செய்தது எவ்வளவு என்று கர்த்தருக்கே வெளிச்சம். இந்தத் தொல்லைக்கு மருந்தாகத்தான் நான் ஒரு மொழி செய்தேன். நீங்கள் கேட்கிற விஷயம் அந்த வேலைக்கு நடுவில் வந்ததுதான். ஆகவே மொழியிலிருந்தே வருகிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில் நீங்கள் நின்றிருப்பீர்கள். ஒருவன் தமிழில் கூப்பிடுவான், மலையாளத்தில் விசாரிப்பான், இங்கிலீஷில் டிக்கெட் கேட்பான், எல்லாம் ஒரே மூச்சில். எங்கள் ஊர்க்காரனிடம் உன் தாய்மொழி எது என்று கேட்டால், எந்த ஊர் பஸ் வருகிறது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்வான். முப்பது வருடம் தத்துவம் நடத்திய ஒருவன் இதைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? எனவே உலகத்தில் உள்ளதையெல்லாம் குடும்பம் குடும்பமாகப் பிரித்தேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு மெய்யெழுத்து. அதன்மேல் ஏறுகிற உயிரெழுத்து எந்தக் கிளை என்று காட்டும். ‘க’ வரிசை உயிருள்ளவை. அதில் ‘கா’ நடமாடுவது, ‘கி’ நின்ற இடத்தில் நிற்பது. ‘கிதெ’ என்றால் நிற்பவற்றில் தின்னத் தகுந்தது. ‘கிதெநி’ என்றால் நேந்திரம்பழம். காதில் விழுந்தாலே பொருள் விளங்கிவிடும், அகராதி வேண்டாம். அதற்குத் தெளிமொழி என்று பெயர் வைத்தேன்.

என் மனைவி சுகிர்தபாய்க்கு அதில் நாட்டமில்லை. நாட்டமில்லை என்பதே மரியாதையான வார்த்தை. வீட்டுக்கு ஆள் வந்தால் போதும், சாயாவோடு என் மொழியையும் தட்டில் வைத்துக் கொண்டுவருவாள். ஒருமுறை சபைக் கமிட்டியார் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது சொன்னாள்: “இத வச்சு சந்தையில ஒரு கிலோ சாளை மீனு வாங்கிட்டு வாங்க பாப்போம். பிறவு நானும் படிக்கேன்.” கமிட்டியார் சிரித்தார்கள். போதகர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். அது எனக்கு வலிக்கவில்லை, சார். அன்றைக்கு அவள் கட்டியிருந்த சேலைகூட நினைவிருக்கிறது, அவ்வளவு சாதாரணமான சம்பவம் அது.

போன வருடம் அவள் அடுக்களையில் விழுந்தாள். பக்கத்து வீட்டுப் பொன்னப்பனின் ஆட்டோவில் நான்தான் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். உயிர் தப்பியது. வலது கை தளர்ந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது, உதடு ஒட்டவில்லை. பேச்சு அடியோடு போய்விட்டது. தண்ணீர் என்பதற்கும் வார்த்தை இல்லை, என் பெயருக்கும் இல்லை. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் எங்கள் மகள் ஷிஜா வந்து, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, லீவு முடிந்ததும் போனாள்.

எனக்கும் துக்கம்தான். ஆனால் துக்கத்தின் ஓரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது, அதை மறைப்பானேன். புதிதாக ஒரு மொழி செய்கிறவனுக்கு உள்ள பெரிய கஷ்டம், ஏற்கெனவே மொழி உள்ளவர்களிடம் அதைக் கொண்டுபோக வேண்டியிருப்பதுதான். பச்சைக் குழந்தையை எடுத்து வளர்த்தால் சரியாகும். ஆனால் அது பாவம், சட்டமும் விடாது. இங்கே என் கட்டிலில், துடைத்த சிலேட்டு ஒன்றைக் கர்த்தரே கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதில் யாரோ பழையதைக் கிறுக்குவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

கிறுக்க ஒருத்தி வந்தாள். ஆர்யா என்று, நெய்யாற்றின்கரையிலிருந்து வருகிற பேச்சுப் பயிற்சிக்காரப் பெண். ஒரு கண்ணாடியை எதிரில் வைத்து, “பா சொல்லுங்க அம்மா, மா சொல்லுங்க அம்மா” என்பாள். உதடு ஒட்டுகிற எழுத்தாகப் பார்த்துப் பார்த்துச் சொல்லவைப்பாள். உதடு வந்தால் பேச்சு தானாக வரும் என்பது அவள் கட்சி. சுகிர்தம் கண்ணாடியைப் பார்ப்பாள், எச்சில் வழியும், அழுவாள். ஒரு மனிதப் பிறவியை இப்படியா பாடுபடுத்துவது? எனக்குத் தாங்கவில்லை. அவளால் முடியாத எழுத்துகளை என் மொழியிலிருந்தே எடுத்துவிட்டேன். ப, ம, வ போயின. உதடு குவிகிற உ, ஒ போயின. நாக்கும் தொண்டையும் மட்டும் போதும். ஒரு புருஷன் மனைவிக்காக வீட்டுப் படியை இடித்துச் சரிவாகக் கட்டினால் ஊரே மெச்சும். நான் ஒரு மொழியையே இடித்துக் கட்டினேன், அதை மெச்ச ஆளில்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. உதடு சரியாகிவிட்டால், உதடு வேண்டாத மொழிக்கு அவளிடம் என்ன வேலை? ஆகவே கண்ணாடியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஆர்யாவிடம், வேறு ஆளை ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று சொல்லி அனுப்பினேன். பொய் அல்ல. அந்த வேறு ஆள் நான்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்பாராதது ஒன்று நடந்தது. எங்கள் சபையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிரசங்கம் மலையாளத்தில், கீர்த்தனைகள் பழைய தமிழில். தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளைகள்கூட மனப்பாடமாகப் பாடும். பாட்டு எழும்பியதும், தண்ணீருக்கு வார்த்தையில்லாத சுகிர்தபாய் வாயைத் திறந்து, சரணம் சரணமாக, ஒரு எழுத்துப் பிசகாமல் பாடினாள். கோயிலே அழுதது. போதகர் அற்புதம் என்றார். விஷயம் கேள்விப்பட்டு ஆர்யா பஸ் பிடித்து வந்தாள். “அற்புதம் ஒண்ணும் இல்ல சார். பாட்டு தலைக்குள்ள வேற பக்கம் இருக்கும். அத பிடிச்சிட்டே பேச்சையும் மேல கொண்டு வந்திரலாம். விட்டுராதீங்க. தினமும் பாடட்டும்,” என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள். ஆசுபத்திரிப் பெண்கள் எல்லாம் இப்படித்தான், நம்மைப் பார்த்தவுடன் நம்பிவிடுகிறார்கள்.

அவள் சொன்னது சரியும்கூட. அந்த வாரத்திலேயே சுகிர்தம் பாட்டிலிருந்து வார்த்தைகளைக் கழற்ற ஆரம்பித்தாள். ‘வா’ என்றாள். ‘தா’ என்றாள். வேலியோரம் வந்த பொன்னப்பனைப் பார்த்து இழுத்து இழுத்து, “சுகமா?” என்றாள். அவன் வீட்டுக்கு ஓடிப்போய் மனைவி ஓமனாவைக் கூட்டிவந்து காட்டினான். என் சிலேட்டில் பழைய கறை ஊறி வருகிறது, இவர்கள் கைதட்டுகிறார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு முதல் நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. டாக்டர் கூட்டத்தில் போகக் கூடாது என்று சொல்லியிருப்பதாகச் சொன்னேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். டாக்டர் என்ற சொல் நன்றாக மூடும். கோயில் எங்கள் வீட்டுக்கு மிகவும் பக்கம். பாட்டு கேட்கும் நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிடுவேன். ஷிஜா போன் செய்தால், “அம்மா தூங்குது மக்கா,” என்பேன். சுகிர்தம் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, என் கையிலிருக்கும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கண்ணில் நீர் வரும். பக்கவாதம் வந்தவர்களுக்குக் காரணமில்லாமல் கண்ணீர் வரும் என்று படித்திருக்கிறேன்.

வீட்டுக்குள் ஒரே ஒரு சட்டம் வைத்தேன். தெளிமொழியில் கேட்டால் கிடைக்கும். அவள் “வெள்ளம்” என்று தண்ணீர் கேட்டால் நான் பேப்பர் படிப்பேன். கண்ணால் குடத்தைக் காட்டினாலும் படிப்பேன். ‘தளி’ என்று சொன்னால் அந்த நிமிடமே டம்ளர் அவள் கையில் இருக்கும். சிலநாள் உச்சிப்பொழுதுவரை பிடிவாதம் பிடிப்பாள். தாகத்தைப்போல ஒரு வாத்தியாரை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை, சார். எவ்வளவு மக்கு மாணவனும் தேறிவிடுவான். மழைக்காலம் முடிவதற்குள் அவள் ஐம்பது அறுபது அசைகள் சொன்னாள். உலகத்திலேயே தெளிமொழி பேசும் இரண்டாவது ஆள் என் சுகிர்தபாய். பழைய கமிட்டியாரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கென்று நாளும் பார்த்துவைத்திருந்தேன்.

அக்கம்பக்கத்தார் சந்தேகப்படவில்லையா என்று நீங்கள் கேட்டீர்கள். எங்கள் பக்கத்து ஆட்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. காதில் விழுந்தது புரியவில்லை என்றால், எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சாக இருக்கும் என்று நினைத்து நடையைக் கட்டிவிடுவார்கள். பொன்னப்பன் என் அசைகளைக் கேட்டு, மதுரைப் பக்கத்துத் தமிழாக்கும், சார் பெரிய வைத்தியம் செய்கிறார் என்று ஓமனாவிடம் சொல்லியிருக்கிறான். ஓமனா, இல்லை, வடக்கன் மலையாளம் என்றாளாம். என் மொழிக்கு ஊரில் கிடைத்த ஒரே விமரிசனம் அதுதான்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலை ஆராதனை தொடங்கியிருந்தது. வெக்கை அதிகம் என்பதால் ஜன்னலைச் சாத்தாமல் விட்டிருந்தேன், அது என் கவனக்குறைவு. பாட்டு உள்ளே வந்தது. சுகிர்தம் கட்டிலில் இருந்தபடி நெஞ்சில் கையை வைத்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. என்னைப் பார்த்துச் சொன்னாள்: “எனக்கு வய்யா. நெஞ்சு வேதனை தாங்கல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

அத்தனையும் எங்கள் ஊர்த் தமிழ். மூன்று முழு வாக்கியம், வினைச்சொல் எல்லாம் அதனதன் இடத்தில். உதடு ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டியது.

புரிந்ததா என்று நேற்றே உங்கள் இன்ஸ்பெக்டர் கேட்டார். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன். புரிந்தது. முதல் வாக்கியத்திலேயே புரிந்தது. மாரடைப்பு என்றும் புரிந்தது. என் அப்பா அப்படித்தான் போனார். ஆனால் அந்த நேரத்தில் நான் எழுந்து ஓடினால் என்ன அர்த்தம் ஆகும் என்று நீங்களும் யோசிக்க வேண்டும். அத்தனை மாதம் கட்டிய சட்டம் ஒரு நொடியில் போகும். தமிழில் கேட்டால் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு அவள் என் மொழியைச் சீண்டுவாளா? நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தெளிமொழியில் கேட்டேன், என்ன வேண்டும் என்று.

உள்ளதைச் சொன்னால், வேதனைக்கு எந்தக் குடும்பம் என்று நான் அதுவரை முடிவு செய்திருக்கவில்லை. அது பொருளா, செயலா, நிலையா என்பதில் எனக்கே குழப்பம் இருந்தது. எனவே, அதற்கு அருகில் வரும் ஏதாவது அசையைச் சொன்னால் போதும் என்று அவளுக்குச் சலுகை கொடுத்தேன். அவள் தலையை ஆட்டினாள். மறுபடியும் தமிழில், கும்பிட்டுக் கேட்டாள். ஒரு கை எழும்பாததால் பாதிக் கும்பிடுதான் வந்தது.

அப்போது வெளியே ஆட்டோ சத்தம். பொன்னப்பன் வாசலில் வந்து நின்றான். “சாரே, அக்கா ஆஸ்பத்திரின்னு சொன்னது கேட்டுது. வண்டி ஓடிட்டுத்தான் இருக்கு, எடுக்கட்டா?”

“பயிற்சி நடக்கு, பொன்னப்பா. நீ போ,” என்றேன்.

“க்ஷமிக்கணும் சாரே,” என்றான். படித்தவனைத் தொந்தரவு செய்துவிட்டோமே என்று அவனுக்கு வெட்கம். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அவனை நீங்கள் துருவித் துருவி விசாரித்து அழவைத்ததாகக் கேள்விப்பட்டேன். பாவம், விட்டுவிடுங்கள். அவன் கேட்டான், நான் மறுத்தேன். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கியது. அவள் கெஞ்சுவதை நிறுத்தினாள். நான் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். எழுந்து போகவில்லை, தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. ஆம், அவளை நான் சாகவிட்டேன். கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தமிழ்ச் சொற்களில் எனக்கு இனி பிடிவாதம் இல்லை.

ஆனால் ஒன்றை விட்டுவிடாதீர்கள். கடைசியில் அவள் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. ‘லெ’ என்றாள். சற்று விட்டு இன்னொரு தரம், ‘லெ’. யாரும் கேட்காமல், தண்ணீருக்காக இல்லாமல், தானாக. என் அட்டவணையில் ‘லெ’ என்பது நன்றி. அந்த அசையை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்து நாளாகியிருந்தது, ஒருநாளும் அவள் அதைப் பயன்படுத்தியதில்லை.

இதை ஷிஜாவிடம் சொன்னேன். அவள் என்னை அப்பா என்று கூப்பிடாமல், சாகிறவர்கள் எல்லாருக்கும் மூச்சுப் போகும்போது தொண்டையில் அந்தச் சத்தம் வரும், தினமும் வார்டில் கேட்கிறேன் என்றாள். இருக்கலாம். அவள் நர்ஸ், மூச்சைப் பற்றி நிறையத் தெரியும். தெளிமொழி அவளுக்குத் தெரியாது. அது தெரிந்தவன் உலகத்தில் இப்போது நான் ஒருவன்தான் மிச்சம். நான் சொல்கிறேன் சார், என் சுகிர்தம் எனக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனாள்.