கழுத்துப் பங்கு

சேவலை மஞ்சள் பூசி, நெருப்பில் வாட்டி, தோலோடு சமைத்தால்தான் கறிக்கு ருசி. கழுத்தும் தலையும் வீட்டு ஆண்பிள்ளையின் பங்கு. இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கமாக இருக்கும்.

நான் மல்லாவியில் ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்கிறேன். வளர்ந்த சேவல்களின் கழுத்துத் தோலுக்கடியில் ஒரு சிறு குளிசை வைப்பேன். பெட்டைக்குரிய ஓமோன் மாத்திரை அது. சேவலின் விதை சுருங்கும், விந்து ஊறாது, கூவ மறந்து கொழுக்கும். கழுத்தைப் புதைத்துவிடச் சொல்லியிருந்தார் மிருக வைத்தியர். காரணம் சொல்லவில்லை. நல்ல இறைச்சியை மண்ணுக்குக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? துணுக்காயில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கை விமலேஸ்வரியின் குசினிக்கு வாராவாரம் ஒரு சேவல் போகும், கழுத்தோடு.

அவளுக்குப் பிள்ளை உண்டாகவில்லை. புருஷன் யோகநாதன் அடித்தான். ஒருநாள் ஊர் பார்த்திருக்க அவளுடைய றங்குப்பெட்டியை முற்றத்தில் எறிந்தான்.

"மலட்டு மாட்டுக்கு ஆர் தீனி போடுறது? கூட்டிக்கொண்டு போம்," என்றான் என்னிடம்.

அந்தச் சொல் இன்றும் நெஞ்சில் எரிகிறது. நான் கை ஓங்கவில்லை. பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவளோடு நடந்தேன்.

பிறகுதான் பண்ணைக் காவல்நாயின் சங்கதி தெரிய வந்தது. கடுவன் நாய், ஆணாக இருந்தும் முலை வீங்கிக் கிடந்தது. வைத்தியர் அதன் விந்தை எடுத்துக் உருப்பெருக்கும் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தார்.

"ஒரு உயிரும் ஓடேல்லை. கழுத்துகளைத் திண்டிருக்கு. கரையாத குளிசை அதிலைதானே கிடக்கும்? புதைக்கச் சொன்னனானெல்லே?"

நாயைப் பார்த்தேன். யோகநாதனின் முகம் நினைவில் வந்தது. ஆக, தங்கையிடம் ஒரு குறையும் இல்லை. குறையை வைத்தது என் கை. அவனிடம் போய்ச் சொல்லியிருக்கலாம், கழுத்து நின்றுவிட்டதால் மெல்லத் தேறிவிடுவான் என்று. ஆனால் அவளை மாடு என்றவனுடைய வாசலில் நான் கைகட்டி நிற்பதா?

அவன் இராசேஸ்வரியை இரண்டாம் தாரமாகக் கட்டினான். கட்டிய கையோடு பண்ணைக்கு வந்தான்.

"மச்சான், பழசை மனசிலை வையாதையும். ஆம்பிளைப் பிள்ளை வேணுமெண்டு முனியப்பருக்கு மாதாமாதம் சேவல் நேந்திருக்கிறன். கொழுத்ததாப் பாத்துத் தாரும்."

தேடி வந்து கேட்டான். கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு குளிசைக்குப் பதில் மூன்று வைத்தேன்; படைத்து முடிந்தால் கழுத்து அவன் பங்குதானே. கூவாத சேவல் ஏன் என்று முனியப்பர் கேட்கவில்லை.

இராசேஸ்வரியையும் மலடி என்றார்கள். போன வாரம் அவளே வந்தாள். கன்னத்தில் விரல் தடம் இருந்தது.

"அண்ணை, இந்தமுறை நல்ல திறமானதாத் தாங்கோ. இதுதான் கடைசி நேர்த்தியெண்டு இவர் சொல்லிப்போட்டார்."

இருந்ததில் கொழுத்ததையே பிடித்துக் கொடுத்தேன். விலையும் வாங்கவில்லை.

நேற்று நீங்கள் கிணற்றிலிருந்து எடுத்தது அவளைத்தான். அவளை நான் தள்ளவில்லை. அவளோடு எனக்குப் பகையும் இல்லை. என் கோபமெல்லாம் அவன்மேல்தான். நான் சொன்னதையெல்லாம் எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். விமலேஸ்வரிக்கு மட்டும் இது தெரியவேண்டாம். தான் மலடி என்று நம்பி, எனக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, அவள் என் வீட்டில் நிம்மதியாக இருக்கிறாள்.