அடிக்கு ஒரு இஞ்ச்

வத்தலக்குண்டு பஸ் திண்டுக்கல் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்ததும், எனக்கு முன்சீட்டில் கட்டட பிளானைச் சுருட்டி மடியில் வைத்திருந்தவர் பக்கத்தில் இருந்த கூட்டாளியிடம் சொன்னார்:

"அவன் விரலப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது மாப்ள."

"யாரு, உங்க ஆபீஸ் புது இன்ஜினியரா?"

"அவனேதான். கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்த பீம் டிசைன சார்கிட்ட நீட்டுறேன். இவன் குறுக்க வந்து தாள்மேல விரல வச்சு ஒரு இழுப்பு இழுத்துட்டு, 'இருபதடி நீளத்துக்குப் பதினஞ்சு இஞ்ச் உயரம் பத்துமாண்ணே, அடிக்கு ஒரு இஞ்சாவது வேணுமே'ங்கிறான்."

"நீ என்ன சொன்ன?"

"வாய்க்கணக்குல கட்டடம் நிக்காது தம்பின்னேன். அப்பறம் தனியா உக்காந்து திரும்பப் போட்டுப் பாத்தா, மாடித் தண்ணித்தொட்டி வெயிட்டச் சேக்காம விட்டிருக்கேன்."

பஸ் செம்பட்டியில் நின்று கிளம்பியது.

"அவன் சரியாத்தானய்யா சொல்லியிருக்கான்."

"தப்பாச் சொல்லியிருந்தா நான் ஏன் எரியப் போறேன்? இப்ப டீ வந்தாக்கூட அவன் மேசைக்குத்தான் மொதல்ல போவுது."

"உன் வீட்டு போர்டிகோ பீமையும் அவன்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டேனே. யாரோ பார்ட்டி வீடுன்னு சொல்லி."

"என்ன சொன்னான்?"

"விரல வச்சுப் பாத்துட்டு, 'தாராளமா நிக்கும்ணே'ன்னான். அதுக்கப்பறந்தான் கான்கிரீட்டே போட்டேன்."