மைக்கைக் கொஞ்சம் பிடி

— அந்த வெள்ளைச் செருப்போட கொட்டகைக்குள்ள வராத. ஆணியில உன் ரப்பர் பூட்ஸ் தொங்குது பாரு, அதை மாட்டிக்கிட்டு வா.

— இன்னும் தூக்கிப் போடலையா நீங்க?

— எதுக்குத் தூக்கிப் போடணும்? அது என்ன தப்பு பண்ணுச்சு? வீட்டை விட்டுட்டு சட்டசபைக்கா போச்சு?

— வந்த கால் தரையில படல, அதுக்குள்ள ஆரம்பிச்சாச்சு. இங்க பாருங்க, நான் சண்டை போட வரல. கட்சியில என்னைப் பார்லிமெண்டுக்கு நிக்கச் சொல்றாங்க. இருட்டறதுக்குள்ள பதில் சொல்லணும். வாசல்ல கார் நிக்குது. என் வீட்டுக்காரரைக் கேக்காம சரின்னு சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

— தொகுதி ஆளுங்களைக் கேட்டியா?

— கேட்டேன்.

— கட்சிக்காரங்களைக் கேட்டியா?

— அவங்கதானே கூப்பிடுறாங்க.

— கடைசியில கொட்டகையில கெடக்கிறவனையும் ஒரு வார்த்தை கேட்டு வெப்போம்னு வந்திருக்க. சரிதான். அந்த முக்காலியை இழுத்துப் போட்டு உக்காரு. பேசிக்கிட்டே பெரியவளைக் கறந்துடு. மத்ததெல்லாம் மிஷின்ல கறந்தாச்சு. இவ ஒருத்திதான் மிஷினைக் கண்டா உதைக்கிறா.

— பெரியவளுக்கு என்னை இன்னும் ஞாபகம் இருக்குமா?

— கன்னுக்குட்டியில தாய் செத்துப்போய், புட்டியில பால் குடுத்து வளத்தவ நீ. மறக்கிறதுக்கு அவ என்ன, எலக்‌ஷன்லயா ஜெயிச்சா?

— குத்துங்க, நல்லா குத்துங்க. ஏம்மா பெரியவளே, நல்லா இருக்கியா? தீனி தின்னியா? அட, இங்க பாருங்களேன். நான் கையை வெக்கறதுக்குள்ள சுரந்துட்டா. நீயாவது என்னை நெனச்சுக்கிட்டு இருக்கியேடி.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. வாளியைச் சரியா வை.

— மேடம், மன்னிக்கணும். மாத்திரை வேளை மேடம். சாப்பாட்டுக்கு முன்னாடி போட வேண்டியது. தண்ணியும் கொண்டாந்துட்டேன்.

— குடுங்க செக்ரட்டரி சார். பாத்து, அங்க சாணி.

— பரவாயில்ல மேடம். தலைவர் திரும்பவும் கூப்பிட்டார் மேடம்.

— கறந்துட்டு வரேன்னு சொல்லுங்க.

— சரி மேடம். அதாவது, கறந்துட்டுன்னே சொல்லிடவா மேடம்?

— அப்படியே சொல்லுங்க. போங்க.

— போயிட்டானா? என்ன மாத்திரை அது?

— வயித்துப் புண்ணாம். பெரிசா ஒண்ணும் இல்ல.

— எப்பலேருந்து?

— கொஞ்ச நாளா.

— எனக்குத் தெரியாது. அந்தாளுக்கு வேளை முதக்கொண்டு தெரியுது.

— அது அவர் வேலைங்க. அதுக்குத்தான் சம்பளம் வாங்குறார்.

— அது என் வேலையா இருந்துச்சு. சம்பளம் இல்லாமப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

— உங்களுக்கு அவர் மேல பொறாமை.

— ஆமா, பொறாமைதான். அவன் மேல, உனக்குக் கார் ஓட்டுறவன் மேல, மாலை போடுறவன் மேல, செவுத்துல உன் மூஞ்சியைத் தடவித் தடவி ஒட்டுறானே, அந்தப் போஸ்டர்காரன் மேல. எல்லார் மேலயும்தான். பால் வண்டிக்காரன் இப்ப என்னை எப்படிக் கூப்பிடுறான் தெரியுமா? மெம்பரம்மா வீட்டுக்காரரேங்கறான். மீசை முளைக்காத காலத்துலேருந்து நம்ம பாலை எடுக்கிறவன். எனக்குன்னு ஒரு பேர் இருந்ததே அவனுக்கு மறந்துபோச்சு.

— என் மேலயும் பொறாமையா?

— உன் மேலதான் முதல்ல. பால் விலையைக் குறைச்சுட்டாங்கன்னு மாடு வெச்சிருக்கிறவங்க எல்லாரும் ரோட்டுல பாலைக் கொட்டினோமே, அன்னைக்கு மேடையில பேச வேண்டியது யாரு?

— நீங்க.

— வாரம் பூரா இந்த மாடுங்க முன்னாடி நின்னு பேசிப் பழகினேன். மேடை ஏறினதும் முதல் வரியே ஞாபகம் வரல. தண்ணி குடிச்சுட்டு வரேன், மைக்கைக் கொஞ்சம் பிடின்னு உங்கிட்ட குடுத்தேன். பேசுன்னு சொல்லல, பிடின்னுதான் சொன்னேன். குடிச்சுட்டுத் திரும்பிப் பாக்குறேன், கூட்டம் கை தட்டுது. அந்த மைக் இன்னும் என் கைக்குத் திரும்பி வரல.

— இத்தனை வருஷமா இதையா மனசுல போட்டுப் பூட்டி வெச்சிருந்தீங்க? கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேனே.

— வாங்கி என்னத்தைப் பேசியிருப்பேன்? நீ பேசினதுல பாதி கூட எனக்கு வராது. அதான் எரியுது. நீ மோசமாப் பேசியிருந்தாலாவது நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.

— அதனாலதான் என் பேச்சு ஒண்ணையும் கேக்க மாட்டேங்கறீங்களா? சபையில பேசிட்டு வெளிய வந்தா யார் யாரோ போன் பண்றாங்க. ஒவ்வொரு தடவையும் நீங்களா இருக்குமோன்னு பாப்பேன். ஒரு வார்த்தை வந்ததில்ல.

— எனக்கு மாடு இருக்கு. அதைப் பாக்கவே நேரம் சரியாப் போகுது. உன் பேச்சு ஒண்ணு கூட கேட்டதில்ல. கேக்கவும் மாட்டேன்.

— மேடம், திரும்பவும் மன்னிக்கணும். தலைவர் லைன்லயே இருக்கார். நீங்க சரின்னா அறிவிப்புல உங்க பேச்சுலேருந்து ஒரு வரி போடுவாங்களாம். 'பாலுக்கு விலை வைக்கிறவனுக்கு விடியக்காலைன்னா என்னன்னே தெரியாது', அந்த வரி எடுத்து வெச்சிருக்கேன் மேடம்.

— ம், அதையே போடுங்க.

— அது அப்படி இல்ல.

— சார்?

— 'பாலுக்கு விலை வைக்கிறவன் ஒரு நாளாவது விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சிருக்கானா'ன்னுதான் கேட்டா. கேள்வி அது. கேட்டுட்டுக் கொஞ்சம் நிறுத்தி இருமினா. இருமலை வேணா விட்டுடுங்க.

— சரி சார். அதாவது, மாத்திடறேன் சார்.

— செக்ரட்டரி சார், நீங்க கார்ல உக்காருங்க. நான் வரேன்.

— சரி மேடம்.

— ஒண்ணு கூட கேட்டதில்லன்னீங்களே.

— வாளி நெறையுது பாரு.

— வாளி கெடக்கட்டும். நான் இருமினது வரைக்கும் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நான் கேக்கல. இவ கேக்குறா.

— யாரு?

— நீ இப்பக் கறக்குறியே, அவதான். நீ கிளம்பிப் போனதும் ஒரு சொட்டு விடல. மடி கல்லாட்டம் வீங்கிப் போச்சு. தடவிக் குடுத்தேன், கெஞ்சினேன், ம்ஹூம். ஒரு நாள் இந்த முக்காலியில உக்காந்து சும்மா போன்ல உன் பேச்சைப் போட்டேன். காதைத் திருப்பினா பாரு, குபுகுபுன்னு சுரந்துட்டா. அன்னைலேருந்து ரெண்டு வேளையும் நீ பேசினாத்தான் இவ பால் விடுவா.

— ரெண்டு வேளையுமா?

— பட்ஜெட் பேச்சுன்னா நல்லா விடுறா. கேள்வி நேரத்தைப் போட்டா பாதியில அடக்கிக்கிறா. அதுல எவனெவனோ நடுவுல கத்துறானே.

— சிரிக்க வைக்காதீங்க, கை நழுவுது. நான்பாட்டுக்கு என்னை மறந்துட்டீங்கன்னு அங்க உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தேன்.

— அழுதியா? அந்தாளுக்குத் தெரியுமா?

— யாருக்கும் தெரியாது.

— அது போதும்.

— சரி, நான் என்ன பதில் சொல்லட்டும்? நீங்க வேண்டாம்னா வேண்டாம்தான். மனசோடதான் சொல்றேன்.

— போய் நில்லு. பழைய பேச்செல்லாம் இவளுக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு. புதுசா ஏதாவது பேசு. ஆனா ஜெயிச்சதும் அந்த நன்றிக் கூட்டத்துல ஜனங்களைப் பாத்து ஒண்ணு சொன்னியே, அதை மட்டும் இனிமே எந்த மேடையிலயும் சொல்லாத.

— எதை?

— 'உங்களை விட்டா எனக்கு யாரும் இல்ல'ன்னு. அந்த இடம் வந்தா இவ தன்னைத்தான் சொல்றன்னு நெனச்சு மடி நெறய விடுறா. நான்தான் எந்திரிச்சு வெளிய போயிடறேன்.