முதுகுல எழுதின பேரு

மறுபடியும் செவப்பா? இரு பாப்பா, தொடச்சிட்டு வைக்கிறேன். அஞ்சாவது தபா, ஒன் ஆதார் மெஷினுக்கே சலிச்சிப் போயிருக்கும். செவ்வந்தின்னு பேரு இருக்குது, மூஞ்சி இருக்குது, ஆளு முன்னால குந்திக்கினு இருக்கேன். கட்டவெரல்ல ரேகை இல்லன்னா நானே இல்லன்னு சொல்லுது பாரு. ஆனா இன்னிக்கி எப்படியாவது ஏத்திக் குடுத்துடு. அடுத்த மாசம் ஏழாந் தேதி ஒரு ஆபீஸ்ல இந்த வெரல வைக்கணும். போன வாரம் வெச்சேன், ஒத்துக்கல, ஆதார்ல புதுசாப் பதிஞ்சிக்கினு வான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எந்த ஆபீஸுன்னு அப்பறம் சொல்றேன்.

ஃபாரமா? எழுத்து கோணலா இருந்தா இன்னா, படிக்க வருதா இல்லியா? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதினவங்க எழுதினாங்க, வுடு.

கை கழுவிக்கினு வரச் சொன்ன பாரு, அது தான் தப்பாப் போச்சி. எனக்குக் கை கழுவறதுன்னா ஆறு கட்டம். ஆஸ்பத்திரில தொடைக்கிற வேல பாக்கறேன். கொரோனா வார்டுக்குப் போட்டப்ப நிர்மலா சிஸ்டரு சொல்லிக் குடுத்தாங்க. உள்ளங்கை, பொறங்கை, வெரலு சந்து, வெரலு முட்டி, அப்பறம் கட்டவெரலத் தனியாப் புடிச்சித் திருகணும், கடசியா நகக்கண்ணு. ஒரு நாளைக்கி அம்பது தபா. அந்தத் திருகுல தான் என் ரேகை போச்சி. கொரோனா போயி நாலு வருசமாச்சி, கை நிறுத்த மாட்டேங்குது. பஸ்ஸுலேர்ந்து எறங்கினா ஆறு கட்டம், கொழம்பு கூட்டறதுக்கு முன்னால ஆறு கட்டம். அந்த சானிட்டைசர அந்தாண்ட வை பாப்பா, பாத்தாலே கை தானா நீளுது.

அப்ப வார்டுல போட்டுக்கினு இருந்த டிரெஸ்ஸா? தலையிலேர்ந்து கால் வரிக்கும் ஒரு வெள்ளப் பை. உள்ள போய்ட்டா ஆறு மணி நேரம் தண்ணி குடிக்கக் கூடாது, மூக்கு அரிச்சா சொறியக் கூடாது. கையொறயக் கழட்டினா வேர்வ ஒரு டம்ளரு ஊத்தும். டாக்டரு யாரு, தொடைக்கிறவ யாருன்னே தெரியாது. ஒருத்தரு என்னப் பாத்து, டாக்டரம்மா நான் பொழைப்பனான்னு கேட்டாரு. பொழைப்பீங்கன்னு சொல்லிட்டேன். நல்லவேள, பொழச்சிட்டாரு.

அதுக்குத் தான் முதுகுல பேரு எழுதச் சொன்னாங்க. நம்ம முதுகுல நாமளே எழுத முடியாதே. ஸ்ட்ரெச்சர் தள்றவரு ஒருத்தரு, செல்லமுத்துன்னு, வெள்ளிமலைக்காரரு. பஸ் நின்னு போயி மலைக்குப் போவாம ஆஸ்பத்திரியிலயே தங்கிக்கினு இருந்தாரு. மார்க்கர அவரு கையில குடுத்து, எனக்கு எழுதச் சொன்னாங்க. விறுவிறுன்னு எழுதினாரு. நானும் ஜம்முனு உள்ள போனேன்.

அன்னிலேர்ந்து ஒருத்தரும் என்னப் பேர் சொல்லிக் கூப்படல. செல்லமுத்து இங்க தொட, செல்லமுத்து பெட்ஷீட்ட எடு. அவரத் தான் கூப்படறாங்கன்னு நான் பாட்டுக்கு இருப்பேன். செவுடான்னு டாக்டரு திட்டுவாரு. அதே டாக்டரு மீட்டிங்ல சொல்றாரு, செல்லமுத்து மாதிரி ஆளு கெடையாது, இந்தாண்ட ஸ்ட்ரெச்சர் தள்றான், திரும்பிப் பாத்தா அந்தாண்ட தரை தொடைக்கிறான்னு. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். செல்லமுத்து மட்டும் தலையத் தொங்கப் போட்டுக்கினு நின்னாரு.

பதினோராம் நாளு, டிரெஸ் கழட்டற ரூம்ல நிர்மலா சிஸ்டரு என் முதுகப் படிச்சிட்டு சிரிக்கிறாங்க, சிரிக்கிறாங்க, நிறுத்தவே இல்ல. நீ எப்படி செல்லமுத்து ஆனன்னு கேக்கறாங்க. எனக்குக் கோவம்னா கோவம். நேரா அவர்கிட்ட போயி கேட்டேன். எனக்கு எழுத வர்றது கையெழுத்து ஒன்னு தான்மா, மார்க்கர் குடுத்தப்ப தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சின்னு சொல்றாரு.

ரெண்டு நாளு பேசல நான். சிஸ்டரு தான் என் பேர சரியா எழுதி உள்ள அனுப்பினாங்க. ஆனா அந்த வார்டு பயமா இருக்கும் பாப்பா. காலையில பேசினவங்க சாயந்தரம் இருக்க மாட்டாங்க. பதினோரு நாளு அந்தப் பேரு என் பின்னாலயே கேட்டுக்கினு இருந்திச்சி, யாரோ கூடவே வந்தா மாதிரி. அது இல்லாம என்னால முடியல. மூணாம் நாளு நானே போயி அவர்கிட்ட முதுகக் காட்டினேன், பழசையே எழுதுங்கன்னு. வார்ட மூடற வரிக்கும் நான் செல்லமுத்து தான்.

வூட்டுக்காரரா? அவரு தவறிப் போயி பன்னெண்டு வருசமாவுது. பொண்ணக் கச்சிராயபாளையத்துல கட்டிக் குடுத்திருக்கேன். அவ தான் அந்த ஆபீஸ்ல தேதி வாங்கிக் குடுத்தா.

பச்ச எரியுதா? எடுத்துக்கிச்சா? இப்ப தான் எனக்கு உசுரே வந்திச்சி. எந்த ஆபீஸுன்னு கேட்டியே, பத்திர ஆபீஸு தான். நெலமா, எனக்கேது நெலம். ஏழாந் தேதி எங்க கல்யாணத்தப் பதியறாங்க. அதோ வெளிய ஊதா சட்ட போட்டுக்கினு நிக்கிறாரே, அவரு தான் செல்லமுத்து. அவரு கையெழுத்துப் போட்டுடுவாரு, நான் தான ரேகை வைக்கணும்.

இன்னா, புது ஃபாரம் அழகா எழுதித் தரியா? வேணாம் பாப்பா. என் பேர எழுதக் கத்துக்க அவருக்கு நாலு வருசம் ஆச்சி. கோணலாவே இருக்கட்டும்.