குறைபாடு இல்லாத உறக்கம்

எனக்குப் படுத்தவுடன் தூக்கம் வந்துவிடும். அதனால் மாமனாரின் குறட்டை தாங்காமல்தான் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள், சார். குறட்டை என்னை ஒன்றும் செய்யவில்லை. அவருடைய தலையணை உறைதான்.

தினமும் காலையில் அதைத் துவைப்பது நான். ஒரு பக்கம் முழுக்க எச்சில் ஊறி, மஞ்சளாய், கொழகொழவென்று இருக்கும். விரல் நுனியால் தூக்கி வாளியில் போட்டாலும் அந்தப் புளித்த வாடை கையை விட்டுப் போகாது. சோற்றைக்கூடக் கரண்டியால்தான் சாப்பிடுவேன். மனிதர் என்னவோ தங்கமானவர்தான். "உனக்குத்தாம்மா சிரமம்" என்பார், வாயோரத்தைப் புறங்கையால் துடைத்தபடி. அதே கையால் என் தலையைத் தடவுவார்.

எனக்குத் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மார்புப் பட்டை, மூக்குக் குழாய், விரல் கிளிப் மாட்டிவிட்டால் இரவு முழுவதும் பதிவாகும். செயற்கை நுண்ணறிவு அதைப் படித்து என்ன கோளாறு என்று சொல்லும். டாக்டர் அதைப் பார்த்து மருந்து எழுதுவார். ஒவ்வொரு பதிவுக்கும் பெயரைத் தட்டுவது நான். யாருடைய பதிவு என்று இயந்திரத்துக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

பகலெல்லாம் மாமா தூங்கி வழிவதைப் பார்த்து என் கணவருக்குக் கவலை. "உங்க இடத்துலயே அப்பாவுக்கும் பாத்துடேன்" என்றார். கருவியை வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டினேன். முடிவு சிவப்பில் வந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, கடுமையான நிலை. காற்று செலுத்தும் முகமூடி கொடுத்தால் நெடுநாள் இருப்பார். நெடுநாள் என்றால் அத்தனை தலையணை உறைகள்.

அந்தப் பதிவை அழித்தேன். மறுநாள் பட்டையை நானே கட்டிக்கொண்டு தூங்கி, அவர் பெயரைப் போட்டேன். குறைபாடு எதுவும் இல்லை என்று வந்தது. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இந்த வயசுல இப்படித் தூங்கறது அபூர்வமாம்" என்று சொந்தபந்தம் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார்.

ஆனாலும் இரவில் அடிக்கடி விழிப்பு வருகிறது என்றார். மூச்சு நிற்கும்போதெல்லாம் அவரைக் காப்பாற்றி வந்ததே அந்த விழிப்புதான். அறிக்கை சுத்தமாக இருந்ததால் டாக்டர் தூக்க மாத்திரை எழுதினார். மூச்சு நிற்கிறவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்பது எங்கள் கூடத்தில் தரை துடைப்பவருக்கும் தெரியும். முடிவு சொன்னது இயந்திரம், மருந்து எழுதியது டாக்டர். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். "நீ கைராசிக்காரிம்மா" என்று சொல்லி விழுங்கினார்.

சில நாட்களில் ஒரு காலை அவர் எழவில்லை. உறை அன்றைக்கும் நனைந்திருந்தது. துவைக்காமல் குப்பையில் போட்டேன். அப்பாடா என்றிருந்தது.

மனசு உறுத்தவில்லையா என்று கேட்டீர்கள். அதை எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அன்றிரவு பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தேன். இந்த முறை என் பெயரையே போட்டேன். அந்த இதயத்துடிப்பும் மாமாவின் அறிக்கையில் இருப்பதும் ஒரே ஆளுடையவை என்று இயந்திரம் காட்டிக்கொடுத்துவிட்டது என்கிறீர்கள். இருக்கட்டும். என் அறிக்கையில் கீழே இன்னொரு வரி இருக்கிறது, அதையும் படியுங்கள். ஆழ்ந்த உறக்கம், குறைபாடு எதுவும் இல்லை.