புதுவீட்டுக்குப் போன கண்ணீர் அஞ்சலி

பெருமதிப்புக்குரிய தலைவி பேச்சியம்மா அவர்களே! வெயிலையும் வேலையையும் ஒருபுறம் வைத்துவிட்டு வட்டக்கச்சிப் பொதுநோக்கு மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் மனதில் அடுப்புமாக அமர்ந்திருக்கும் தாய்மாரே! எங்கள் செவிகளைச் சோதிக்க வந்திருக்கும் தாட்சாயினி அவர்களே! இவள் எதைச் சொல்லப்போகிறாளோ என்று முன்வரிசையில் விழிபிதுங்க வீற்றிருக்கும் என் கணவர், கமக்கார அமைப்பின் தலைவர் தவராசா அவர்களே! அனைவருக்கும் விமலேஸ்வரியின் வணக்கம்!

என்ன, பின்னுக்குக் கேட்கவில்லையா? அப்படியானால் இன்றைய முதல் பரிசோதனை உங்களுக்குத்தான் ஐயா!

என் கணவரின் கதையை இவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். அனுமதி தராவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

இளமை முழுவதும் உழவு இயந்திரத்தின் உறுமல். இடையிலே இந்த மண் கேட்ட வெடியோசைகள். இவருடைய காது மெல்ல மெல்ல மங்கியது. ஒப்புக்கொண்டாரா? ஒருநாளும் இல்லை! "எனக்குக் காது நல்லாக் கேக்குது. நீங்கள்தான் வாய்க்குள்ள கதைக்கிறியள்" என்றார். ஊரே வாய்க்குள் கதைக்கிறதாம், உறவே வாய்க்குள் கதைக்கிறதாம், வானொலிச் செய்தியும் வாய்க்குள் வாசிக்கிறதாம்!

ஒருநாள் கனகராயன்குளத்திலிருந்து தொலைபேசி அழைப்பு. இவருடைய உயிர்த்தோழர் நல்லதம்பியின் மகன் செந்தூரன் பேசினான். "மாமா, அப்பாவின்ர புதுவீடு. ஞாயிற்றுக்கிழமை விடிய வந்திடுங்கோ."

இவருக்குக் கேட்டது என்ன? "அப்பாவின்ர" கேட்டது. "வீடு" கேட்டது. நடுவில் ஒன்று நழுவியது. நழுவிய இடத்தில் இவராகவே ஒரு சொல்லைப் போட்டார். என்ன சொல்? சிரிக்கிறீர்களே, கண்டுபிடித்துவிட்டீர்கள். செத்தவீடு!

"ஐயோ தம்பி, கனக்கக் கஷ்டப்பட்டவரோ?"

"ஓம் மாமா, மூண்டு வருசம். இப்பதான் ஒருமாதிரி முடிஞ்சுது."

"முடிஞ்சுது" மட்டும் மணிமணியாகக் கேட்டது! இவர் அழுதார். இவர் சொன்னதை நம்பி நானும் அழுதேன். கமக்கார அமைப்பு கூடியது, படம் போட்டுப் பனர் அடித்தது, வாடகைக்கு வான் பிடித்தது. ஞாயிறு காலை வெள்ளை உடுத்து, மலர்வளையம் ஏந்திப் புறப்பட்டோம்.

போய் இறங்கினால் வாசலில் குலை தள்ளிய வாழை, மாவிலைத் தோரணம், நாதஸ்வரம்! நான் திகைத்தேன். இவர் திகைக்கவில்லை. "என்ர ராசா, எங்களை விட்டிட்டுப் போட்டியே!" என்று நெஞ்சில் அடித்தபடி உள்ளே ஓடினார். எதிரே பட்டு வேட்டி, சந்தனப்பொட்டு, கையில் பால் செம்பு. "வா தவராசா, ஏன் பிந்தினனி?" என்றார் அமரர் நல்லதம்பி!

அதற்குள் எங்கள் ஆட்கள் பனரை விரித்துவிட்டார்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்து, கீழே நல்லதம்பியின் கம்பீரப் படம். அவர் கண்ணாடியை மாட்டி ஆற அமர வாசித்தார். "படம் வடிவாத்தான் இருக்கு. பிறந்த வருசம்தான் பிழை" என்றார்.

சபையோரே! ஊர் சிரித்தது. ஆனால் என் வீட்டில் சிரிப்பு நின்றது. இவர் கூட்டங்களுக்குப் போவதை விட்டார், கோயிலுக்குப் போவதை விட்டார். தொலைபேசி அடித்தால் தோட்டத்துக்குப் போய்விடுவார். கலகலவென்று கதைத்த மனிதர் கதிரையோடு ஒதுங்கிப்போனார். காது மங்கியதைவிட அதுவல்லவா கொடுமை?

இழுத்துக்கொண்டு போனேன் தாட்சாயினியிடம். அவர் சொன்னார்: "ஐயா, உங்களுக்குச் சத்தம் கேக்குது. சொல்லுத்தான் தெளிவாக் கேக்கேல்ல. மெல்லிய ஒலியள் தவறுது, மிச்சத்தை மூளை ஊகிச்சு நிரப்புது." பரிசோதித்து, இவருக்கு ஏற்றபடி அளவு வைத்துக் கருவி பூட்டினார்.

பூட்டிய அன்று புது உலகம் பிறந்ததா? பூகம்பம் பிறந்தது! அப்பளம் கடித்தால் இடி, செருப்புச் சத்தம் சம்மட்டி, மயில் அகவினால் மனிதர் கதிரையிலிருந்து எழும்பினார். மூன்றாம் நாள் கருவி அலுமாரிக்குள் போனது. தாட்சாயினி விடவில்லை. "காதுக்குப் பூட்டினாலும் பழகவேண்டியது மூளை, ஐயா. முதல்ல அமைதியான இடத்தில கொஞ்ச நேரம் போடுங்கோ. பிறகு கூட்டுங்கோ. கரைச்சல் எண்டால் வாங்கோ, திருத்தித் தாறன்." அவர் திருத்தினார், இவர் பழகினார். வாரங்கள் போயின.

ஒரு மத்தியானம் குசினியில் வெங்காயம் வெட்டியபடி முணுமுணுத்தேன். "இந்த மனுசனுக்கு என்னத்தைச் சமைச்சாலும் ஒரு நல்ல சொல் வராது." இவருக்குக் கேட்காத ஆறு வருடமாக அச்சமின்றித் திட்டிய வாய் அல்லவா! வாசலில் குரல் கேட்டது. "நேற்றைய கத்தரிக்காய்க் குழம்பு நல்லா இருந்தது."

தாய்மாரே, அன்றோடு போனது என் சுதந்திரம்!

நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்க, இவர் கிட்ட வந்தார். "இஞ்ச பாரும், இவ்வளவு காலமும் நீர் என்னோட கோவம் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான். எந்த நேரமும் கத்தினீர். உம்மட குரல் இவ்வளவு மெதுவெண்டதை மறந்தே போனன்."

கேட்கவேண்டுமே என்று கத்தினேன். கோபம் என்று கேட்டிருக்கிறார். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அழுதேன்.

ஆகவே அன்புடையீர்! கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம், காது மங்கினால் ஏன் அதை மட்டும் மூடி மறைக்கிறோம்? கேட்கவில்லையா, கேட்கவில்லை என்று சொல்லுங்கள்! புரியவில்லையா, தலையாட்டாதீர்கள்! உங்கள் வீட்டில் ஒருவர் உங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறார். அவருடைய இயல்பான குரலை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள்!

இவ்வளவு நேரமும் எனக்குக் காது கொடுத்தீர்கள், நெஞ்சார்ந்த நன்றி. அதே காதுகளை இனித் தாட்சாயினியிடம் கொடுங்கள். வரிசை இடப்பக்கக் கதவில் தொடங்குகிறது. வணக்கம்!