அடைப்பு வீடு

"அம்மா, இங்க சத்தமாச் சிரிக்கலாமா?" என்று என் மகள் பியூலா ஒருநாள் கேட்டாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. ஊரப்பாக்கத்தில் என் கணவர் ஐசக்கின் அண்ணன் வீட்டில், சமையலறைக்குப் பின்னால் சாமான் போடும் இடத்தில் நாங்கள் மூவரும் படுத்துக்கொண்டிருந்த காலம். வேண்டாம் என்றேன். நல்ல பிள்ளை, அதற்குப் பிறகு அவள் சிரிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் என்னை அழைத்து, குழந்தைக்குப் பேச்சு வருமா என்று விசாரித்தார்.

அதிலிருந்து தொடங்கினால்தான் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியும் ஐயா. இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஸ்டேஷனில் எனக்கு நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். இப்படிப்பட்ட சின்ன உதவிகளைக் கர்த்தர் மறப்பதில்லை.

ஒரு பெட்ரூம், ஒரு ஹால், ஒரு சமையலறை. அவ்வளவுதான் தேடினோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சேலையூர், குரோம்பேட்டை என்று 'டு-லெட்' போர்டு பார்த்து நடப்போம். வீட்டைக் காட்டுவார்கள், குழாயைத் திறந்து தண்ணீரையும் காட்டுவார்கள். பிறகு பெயர் கேட்பார்கள். தபீதாள் என்பேன். ஊரிலிருந்து யாரோ தம்பி குடிவரப் போவது அப்போதுதான் அவர்களுக்கு நினைவுக்கு வரும். யாரும் கடிந்து பேசியதில்லை. ஒரு அம்மா மோர்கூடக் கொடுத்தார். இதற்குள் ஐசக்கின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதற்கு முன்னால் இடத்தைக் காலி செய்யும்படி சொல்லிவிட்டார்கள்.

புரோக்கர் சின்னப்பன்தான் வழி சொன்னார். "கோவிலம்பாக்கத்துல ஒரு அடைப்பு வூடு இருந்துச்சும்மா. போன வாரமே போயிட்ச்சு. நீ லேட்டா வந்துகீற."

அடைப்பு என்றால் என்னவென்று கேட்டேன். சில நட்சத்திரங்களில் சாவு விழுந்தால் அந்த இடத்தை ஆறு மாதம் மூடி வைக்க வேண்டுமாம். இந்துக்கள் யாரும் குடிவரத் துணிய மாட்டார்கள். "அப்பத்தான் ஓனருங்க கண்ணுக்கு நம்மாளுங்க தெரிவாங்க," என்று சிரித்துவிட்டு, அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரங்களை விரல் மடக்கிச் சொன்னார்.

நான் ஒரு டாக்டரிடம் நர்ஸாக இருந்தேன். மேற்குத் தாம்பரத்தில் யக்ஞநாராயணன் என்ற பெரியவருக்குக் காலையில் வீட்டுக்கே போய்ச் சர்க்கரை வியாதிக்கு ஊசி போடுவேன். மனைவி போய்விட்டார். மகள் காமு மைசூரில். கீழ்த்தளத்தில் தனியாக வாடகைக்கு இருந்தார்; வீட்டுக்காரர் தோத்தாத்ரி மாடியில். ஒரு பெட்ரூம், ஒரு ஹால், ஒரு சமையலறை.

தங்கமான மனிதர். என்னைச் சமையலறைக்குள்ளேயே விட்டார். ஊசி போட்டதும் இட்லி எடுத்து வைப்பேன். கால் நகம் வெட்டிவிடுவேன். தேதிக் காலண்டரில் தாள் கிழிப்பதும் நான்தான். அதில் நட்சத்திரம் போட்டிருக்கும். "பெருமாள் என்னை மறந்தே போய்ட்டார்டி," என்று அடிக்கடி சொல்வார். அதை நான் என் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொரு மாதமும் அந்த ஐந்து நாள் வெறுமனே கடந்துபோகும்போது மனசு ஒடிந்துவிடும். மற்ற நாள்களில் அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று கண்ணாகப் பார்த்துக்கொண்டேன். ஒரு பூசத்தன்று மயங்கி விழுந்தார். சர்க்கரைத் தண்ணீர் புகட்டிப் பிழைக்கவைத்தது நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சதயத்தன்று காலையில் ஊசியில் மருந்தைக் கூட்டி ஏற்றினேன். அவர் வழக்கம்போலக் கையை நீட்டினார். இட்லி எடுத்து வைக்கவில்லை.

"பசிக்கிறதேம்மா."

கொஞ்சம் தூங்குங்கள் மாமா என்றேன். அவருக்குக் குளிர் ஆகாது. போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டேன். முடியும்வரை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேர் தனியாகப் போகிறார்கள். அவரை நான் அப்படி விடவில்லை.

வயதானவர், வியாதிக்காரர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். காரியங்கள் முடிந்து காமு ஊருக்குப் போன பிறகு தோத்தாத்ரி என்னைக் கூப்பிட்டார். வீட்டைக் கேட்கலாம் என்று நான் வாய் திறக்குமுன் அவரே பேசினார்.

"நீ எப்போ வரேம்மா? அடைப்பாயிடுத்தேன்னு தயங்காதே. அவர் இருக்கறச்சயே உனக்குன்னு பேசி முடிச்சாச்சு. அடுத்த மாசம் பொண்ணாத்துக்குப் போறதா இருந்தார். அந்தக் குழந்தையை வச்சுண்டு திண்டாடறா, அவளுக்குத் தரேன்னு சொன்னாத்தான் சாவியைக் கொடுப்பேன்னு என்னண்ட ஒரே சண்டை. கிளம்பற அன்னிக்கு உன்கிட்ட சொல்லணும்னு வச்சிருந்தார்."

எனக்கு அழுகை வரவில்லை. பெரியவருக்கு நன்றிக்கடன் பட்டுவிட்டோம் என்று மட்டும் தோன்றியது.

குடிபோனோம். பெட்ரூமை மட்டும் ஆறு மாதம் பூட்டி வைக்கும்படி தோத்தாத்ரி கேட்டுக்கொண்டார். நாங்கள் ஹாலில் படுத்தோம். ஐசக் வேலையிலிருந்து வருமுன், பியூலா வெளியே விளையாடும் நேரத்தில், அந்த அறையைத் திறந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அவர் தலை இருந்த இடத்தில் ஒரு அகல் ஏற்றுவேன். எங்கள் சபையில் இந்த வழக்கம் கிடையாது. ஆனால் அவர் கைமாறு எதிர்பாராமல் செய்தவர். நானும் யாருக்கும் தெரியாமல்தான் திருப்பிச் செய்ய வேண்டும். ஒரு நாள்கூட விடவில்லை. கடைசி நாள் திரியை அணைத்துவிட்டு, "மாமா, உங்களுக்கும் எனக்கும் சரியாகிவிட்டது," என்றேன்.

அவரும் சரி என்றுதான் சொல்லியிருப்பார். நான் கேட்டு அவர் எதையும் மறுத்ததில்லை.